கோழி எலும்பும் தம்பியின் கபுறும்

கொமோரோஸ் நாட்டில் நான் தொழுத முதல் தொழுகையே பிழையான பக்கம் பார்த்துத்தான்.

வந்து இறங்கி, தங்கும் வீட்டில் பையை வைத்து, கைகால் கழுவி வுளூச் செய்துகொண்டு, தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்தேன். ஜன்னலுக்கு வெளியே சூரியன் சரிந்துகொண்டிருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் பிறந்தவனுக்குக் கடல் கிழக்கு, மக்காவை நோக்கித் தொழுகிற கிப்லா மேற்கு. கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் தொழுகைக்கு நின்றாயிற்று. போனில் கிப்லா காட்டுகிற வசதி இருந்தது. அதைத் திறக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. அஸரை முடித்துச் சலாம் கொடுத்தபோது வாசலில் வீட்டுக்காரர் யூசுப் நின்றார். சிரிப்பை அடக்குகிற முகம்.

"சகோதரரே, யாரைப் பார்த்துத் தொழுதீர்கள்? அந்தப் பக்கம் ஆபிரிக்கா."

நான் சவூதியில் ஒன்பது வருடம் இறைச்சிக் கடையில் வேலை செய்தவன். அங்கே பிடித்த அரபுதான் எனக்கும் யூசுபுக்கும் நடுவில் பாலம். அங்கேயெல்லாம் கூட்டத்தோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கூட்டத்தோடு நிற்பதுதானே. எது கிழக்கு, எது மேற்கு என்று யோசித்ததே இல்லை. யூசுப் என் இரண்டு தோளையும் பிடித்து, பிள்ளையைத் திருப்புவது போல வலப்பக்கம் திருப்பிவிட்டார்.

"மக்கா இங்கே. நேர் வடக்கு."

திருப்பித் தொழுதேன். இரண்டாவது ரக்அத்தில் நெற்றி தரையில் பட்டபோது, குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல ஒன்று உறைத்தது. நான் தொழுகையைத் திருப்பித் தொழுதுவிட்டேன். என் தம்பியை யார் திருப்பி வைப்பது?

அவனைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் அவ்வளவு தூரம் போனேன் என்பது விளங்கும்.

தம்பி நிஹ்மத் நாலு வருடத்துக்கு முன் ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன்பிடிக்கப் போட் ஏறியவன். நாலு பேர் போனார்கள். தெற்கே வெகுதூரம் போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. காற்றும் நீரோட்டமும் போட்டை மேற்கே இழுத்துக்கொண்டு போக, ஐம்பது நாளுக்கு மேல் மிதந்திருக்கிறார்கள். கரை தெரிந்த அன்று காலையில் தம்பி போட்டிலேயே மௌத்தாகிவிட்டான். மற்ற மூவரும் அவனைக் கரைக்குத் தூக்கி, ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில் கபுறு தோண்டி அடக்கினார்கள். பிறகு எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு நாள் நடந்து, ஒரு தெருவோரம் விழுந்து கிடந்த இடத்தில்தான் ஊர்க்காரர் கண்டெடுத்தார்கள். எந்தக் கடற்கரை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மூவரில் ஜவ்பர் தம்பியின் கூட்டாளி. ஊருக்கு வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து உம்மாவின் முன்னால் நிலத்தில் இருந்தான்.

"உம்மா, கபன் துணி இல்ல. சாரனாலதான் சுத்தினம். குடிக்கவே தண்ணி இல்ல, கடல் தண்ணியாலதான் குளிப்பாட்டினம். நிண்டு தொழுவிக்க எங்களுக்குச் சீவன் இல்ல, இருந்து தொழுவிச்சம். ஆனா கிப்லாவ மட்டும் பிழை விடல்ல. சூரியன் விழுற பக்கத்தப் பாத்துப் பாத்து வெச்சம். தல வடக்க, முகம் மேக்க. நம்மட ஊர்ல வெக்கிற மாதிரியே."

உம்மா அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டா. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னா. "எல்லாம் குறைஞ்சாலும் எண்ட புள்ள கிப்லாவப் பாத்துத்தான் கிடக்கான்." நாலு வருடமாக அவவுக்கு அது மருந்து. இந்த வருடம் மக்காவுக்கு உம்றாப் பயணம் கூட்டிப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "எனக்கு உம்றா பொறகு. முதல்ல நீ போய் அவன்ட கபுறக் கண்டு மீசான் நட்டுட்டு வா" என்றா. பாலை மரத்தில் இரண்டு மீசான் பலகை செதுக்குவித்து, தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் பெயர் எழுதி என் பையில் வைத்ததும் அவதான்.

அந்தப் பலகைகளைத்தான் முஸல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நிய்யத்து வைத்தேன். தேடிக் கண்டுபிடிப்பேன். அவனைத் திருப்பி வைக்காமல் ஊருக்குப் போவதில்லை.

இரண்டாம் நாள் மொஹெலி என்ற சின்னத் தீவுக்குப் படகேறினோம். தம்பியின் கூட்டாளிகளைக் கண்டெடுத்தது அங்கேதான். யூசுபின் சொந்த ஊரும் அதுவே. அவரும் கூட வந்தார். படகில் பன்னிரண்டு பேர், இரண்டு ஆடு, ஓலைக் கூடையில் மூன்று கோழி. கோழிக்காரி முகமெல்லாம் சந்தனம் பூசிய பெரிய மனுசி. கூடையை மடியில் வைத்து, மேலே தன் சால்வையைப் போட்டு மூடியிருந்தா.

நடுக்கடலில் எஞ்சின் நின்றது.

படகுக்காரர் மூடியைத் திறந்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் திட்டினார். மற்றவர்கள் எல்லாரும் பஸ் நின்றது போலச் சும்மா இருந்தார்கள். எனக்கு மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. தம்பிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். முதலில் சத்தம் நிற்கும், பிறகு தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன், இடையில் மறந்து திரும்பத் தொடங்கினேன். கோழிக்காரி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, படகே சிரித்தது.

"என்ன சொல்றா?" என்று யூசுபைக் கேட்டேன்.

"என் கோழிகளே பேசாமல் இருக்கின்றன, இந்த ஆம்பிளை ஏன் கொக்கரிக்கிறார் என்கிறா."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டை நீட்டினா, வாங்கித் தின்றேன். பக்கத்தில் கிடந்த ஆடு முனகியது. பார்த்தால் கால்கட்டுப் பிழை. இறுக்கிப் போட்டதில் நரம்பு பிடித்துவிட்டது. அவிழ்த்து, ஊரில் எங்கள் இறைச்சிக் கடையில் கட்டுகிற மாதிரி முன்னங்கால் ஒன்றையும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளரக் கட்டினேன். எத்தனையோ ஆட்டை அறுத்த கை. அன்றைக்கு ஓர் ஆட்டின் கழுத்தைத் தடவித் தடவித்தான் என் பயம் அடங்கியது. அரை மணித்தியாலத்தில் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

கரையை நெருங்கும்போது சின்னத் தோணிகள் வந்தன. இரண்டு பக்கமும் கட்டை வைத்துக் கட்டிய தோணிகள். எங்கள் நாட்டில் ஒரு பக்கம்தான் கட்டை இருக்கும். பிரிந்துபோன சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது.

மூன்றாம் நாள் முழுக்கத் தேடினோம். ஜவ்பர் சொல்லித் தந்த அடையாளம் இரண்டு: கருங்கல் பாறை, பானை மாதிரி வயிறு பெருத்த மரம். அந்தத் தீவில் கருங்கல் பாறை இல்லாத கரை இல்லை. வயிறு பெருத்த மரமும் கரைக்குக் கரை நின்றது. யூசுபின் பழைய பிக்கப் இரண்டு தரம் ஓடையில் இறங்கி நின்றுவிட்டது. இரண்டாவது தரம் தள்ளியது நானும், பாடசாலை விட்டு வந்த ஐந்தாறு பெண்பிள்ளைகளும். தெருவில் கராம்பு காய வைத்திருந்தவர்கள் பாயை ஓரமாக இழுத்து எங்களுக்கு வழிவிட்டார்கள். கை கால் எல்லாம் கராம்பு மணந்தது.

பகல் யூசுபின் வீட்டில் சாப்பாடு. மரவள்ளி இலையை உரலில் இடித்துத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்து, மேலே சுட்ட மீன். எங்கள் ஊரில் கிழங்கைத் தின்றுவிட்டு இலையை ஆட்டுக்குப் போடுவோம். அதைச் சொன்னதும் யூசுபின் மனைவி உள்ளேயிருந்து, "அப்படியென்றால் உங்கள் ஆடுகள் உங்களைவிட நன்றாகச் சாப்பிடுகின்றன" என்றா. உண்மைதான். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

போகிற ஊரிலெல்லாம் மையவாடியைப் பார்த்தேன். கபுறுகள் எல்லாம் கிழக்கு மேற்காக, முகம் வடக்கே வர, வரிசை குலையாமல் கிடந்தன. வாப்பா அடங்கியிருக்கிற எங்கள் மையவாடிக் கபுறுகளை யாரோ பிடித்துக் கால் வட்டம் திருப்பியது போல. பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே சுட்டது. இத்தனை மய்யித்துக்கு நடுவில் என் தம்பி மட்டும் பிழையாகக் கிடக்கிறான்.

பின்னேரம் மீன் விற்கிற பெண் ஒருத்தியிடம் யூசுப் விசாரித்தார். அவ கையைத் தெற்கே நீட்டி, "எலும்பு தோண்டுகிறவர்களிடம் கேளுங்கள். அந்தக் கரை முழுக்க அவர்கள்தான் அளந்து வைத்திருக்கிறார்கள்" என்றா.

எலும்பு தோண்டுகிறவர்களா? என் தம்பியையும் தோண்டியிருப்பார்களோ?

நாலாம் நாள் சுபஹுத் தொழுததும் புறப்பட்டு, வெயில் ஏறமுன் அங்கே போய்ச் சேர்ந்தோம். தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டி, மண்ணைச் சதுரம் சதுரமாக, பாண் வெட்டுவது போல வெட்டியிருந்தார்கள். பத்துப் பேர் குந்தியிருந்து தூரிகையால் மண்ணைத் தட்டினார்கள். நான் குழிக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு, "மனிசர எடுத்தீங்களா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

தலையில் சால்வை கட்டிய ஒரு பெண் எழும்பி வந்தா. வயது நாற்பது இருக்கும். அந்த நாட்டுக்காரிதான், பெயர் ஸல்ஹாத்தா, பழைய காலத்து ஆராய்ச்சிக்குப் படித்த டொக்டர். அரபு நன்றாகப் பேசினா. என் கதையைக் கேட்டுவிட்டு, "மனித எலும்பு ஒன்றும் இன்னும் எடுக்கவில்லை, பயப்படாதீர்கள். கரையை அளந்த வரைபடம் கூடாரத்தில் இருக்கிறது. வேலை முடிந்ததும் பின்னேரம் பார்ப்போம். அதுவரை நிழலில் இருங்கள்" என்றா.

எனக்கு எங்கே இருப்புக் கொள்ளும்? கூடாரத்துக்குள்ளே நீள மேசை. அதில் கழுவிக் காயப்போட்ட எலும்புகள். ஓர் இளம் பெண் இரண்டு துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தா. பொறுக்க முடியாமல் சொன்னேன்: "மகள், அது ஆடு. முழங்கால் மூட்டு. மற்றது ஆமை."

டொக்டர் திரும்பிப் பார்த்தா. "எப்படித் தெரியும்?"

"என் தொழில் அது. இருபத்தைந்து வருடமாக எலும்போடுதான் கதை."

கதிரையை இழுத்துப் போட்டா. அன்று பகல் முழுக்க நான் எலும்பு பிரித்தேன். அவ விளங்கப்படுத்தினா. அடி மண்ணில் ஆமையும் மீனும் கடற்பறவையும்தான் வரும். அதற்கு மேலே திடீரென்று கோழியும் ஆடும் தொடங்கும். கருகிய நெல் மணியும் பயறும் கூட அந்த மண்ணில்தான். சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினா. என் மனைவியின் ஊர் வரிப்பத்தான்சேனை. வைக்கோல் எரித்த வயலில் இப்படிக் கருகிய மணியை எத்தனை தரம் காலால் மிதித்திருப்பேன். அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் போத்தலில் வைத்து மரியாதை செய்கிறார்கள்.

"ஆடு வந்த வழி வேறு, கோழி வந்த வழி வேறு" என்றா டொக்டர். "ஆடு மேற்கு ஆசியாவின் பிராணி, அந்தப் பக்கத்திலிருந்து, ஆபிரிக்கக் கரையைத் தொட்டு வந்திருக்கலாம். கோழி கிழக்கே காட்டில் திரிந்த பறவை. நெல்லும் அப்படித்தான். சரியாக யார் கொண்டுவந்தார்கள், எத்தனை கை மாறி வந்தது என்பதில் நாங்கள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒன்று நிச்சயம். கோழி கடல் நீந்தாது. இங்கே ஒரு கோழி எலும்பு கிடந்தால், ஒரு தோணி வந்திருக்கிறது. அந்தத் தோணியில் யாரோ ஒருவர் அதற்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்."

படகில் வந்த பெரிய மனுசியின் சால்வை எனக்கு நினைவு வந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு கோழித்தொடை எலும்பு என் கைக்கு வந்தது. நடுவில் முறிந்தது. உள்ளே பார்த்தேன். "இது முட்டை இட்டுக்கொண்டிருந்த கோழி" என்றேன்.

டொக்டர் எழும்பியே வந்துவிட்டா. "என்ன சொன்னீர்கள்?"

"உள்ளே பாருங்கள். சேவலின் எலும்பு குழாய் மாதிரி வெறுமையாக இருக்கும். முட்டையிடுகிற கோழியை வெட்டினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்பாக ஒட்டியிருக்கும். கல்முனைச் சந்தையில் எந்தக் கோழிக்கடைக்காரனும் சொல்லுவான்."

அவ அதைப் பூதக்கண்ணாடியில் வைத்து வெகுநேரம் பார்த்தா. பிறகு சிரித்தா. "இதைப் படிக்க நான் மூன்று நாடு போனேன்" என்றா. தன் ஆட்களைக் கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டினா. "வழியில் அறுத்துத் தின்னக் கொண்டுவந்த கோழி மட்டும் இல்லை. இங்கே முட்டை இட்டிருக்கிறது. இவர்கள் தங்க வந்தவர்கள்."

தங்க வந்தவர்கள். என் தம்பி தங்க வந்தவன் இல்லை. ஆனாலும் தங்கிவிட்டான்.

பின்னேரம் வரைபடத்தை விரித்தா. கரையோரம் இருந்த ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு கபுறும் புள்ளி வைத்து எழுதப்பட்டிருந்தது. எத்தனையோ புள்ளி. எல்லாக் கபுறுக்கும் பக்கத்தில் சின்னக் கோடு, அது கிடக்கிற திசையைக் காட்ட. எல்லாக் கோடும் கிழக்கு மேற்கு. என் விரல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நின்றது.

ஒரே ஒரு கோடு, வடக்குத் தெற்காக.

"இது?"

டொக்டரின் முகம் மலர்ந்தது. "அதுதான் எங்கள் புதையல். பெரிய மரத்தடியில் இரண்டு கல். முஸ்லிம் கபுறாக இருக்க முடியாது, கிப்லாவுக்குப் பொருந்தவில்லை. இஸ்லாம் வரமுன் இந்தத் தீவுக்குக் கடல் தாண்டி வந்த ஆளாக இருக்கலாம் என்று நம்புகிறோம். அந்தக் கோழியைக் கொண்டுவந்தவரே கூட. நாளை மறுநாள் திறக்கப் போகிறோம்."

எழும்பி நின்றேன். "திறக்க வேண்டாம். அது என் தம்பி."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"எங்கள் ஊரில் கிப்லா மேற்கு. அவனை வைத்தவர்கள் சாய்ந்தமருதுக்காரர்கள். முதல் நாள் நானே உங்கள் நாட்டில் மேற்குப் பார்த்துத்தான் தொழுதேன், யூசுபைக் கேளுங்கள்."

யூசுப் தலையாட்டினார். இந்தத் தரம் சிரிக்கவில்லை. டொக்டர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. அவவுக்கும் அது லேசான விடயம் இல்லை என்று விளங்கியது. "ஒரு அத்தாட்சி வேண்டும். உங்கள் சொல்லை மட்டும் வைத்து நான் எழுத முடியாது" என்றா.

ஐந்தாம் நாள் காலை மரத்தடிக்குப் போனோம். இரண்டு கருங்கல், பாதி மணலில் புதைந்து. அங்கேயிருந்தே ஜவ்பருக்கு அழைப்பு எடுத்தேன். ஊரில் அவன் கடற்கரையில் நின்றான், காற்றுச் சத்தம். தம்பியைப் போலவே அவனுக்கும் நான் காக்கா, மூத்த அண்ணன்.

"ஜவ்பர், நல்லா யோசிச்சுச் சொல்லு. கபுறுக்கு மேல என்னடா வெச்சீங்க?"

"ரெண்டு கல்லு காக்கா. ஏன், கண்டுட்டீங்களா?"

"வேற?"

"வேற என்ன... ஓம், கயிறு! தலக் கல்லையும் கால் கல்லையும் ஒரே வலைக்கயித்தால இழுத்துக் கட்டினன். பச்சக் கயிறு. மணல் அரிச்சு ஒரு கல்லு உருண்டா மத்தது புடிக்கும் எண்டு. வலைக்குக் கல்லுக் கட்டிக் கட்டிப் பழகின கைதானே காக்கா, அது தன்டபாட்டுக்குக் கட்டிட்டு. மேலால மணலப் போட்டு மூடின."

நான் அதை அரபில் சொன்னேன். டொக்டர் முழங்காலில் இருந்து, தலைமாட்டுக் கல்லின் அடி மணலைத் தூரிகையால் தட்டினா. ஒரு சாண் ஆழம் போகமுன்னமே பச்சை நிறம் தெரிந்தது. இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அங்கேயிருந்து கயிறு மணலுக்குள்ளால் தெற்கே, மற்றக் கல்லை நோக்கி நேராக ஓடியது.

டொக்டர் தூரிகையைக் கீழே வைத்து, "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றா. நானும் சொன்னேன். பிறகு என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று யூசுப் பிறகு சொன்னார்.

போன் இன்னும் அணையவில்லை. ஜவ்பர் கேட்டுக்கொண்டே இருந்தான். "காக்கா, கிப்லா சரிதானே? சரியாத்தானே வெச்சிரிக்கம்?"

"பொறகு எடுக்கிறன்டா" என்று வைத்துவிட்டேன்.

யூசுபின் வீட்டிலிருந்து மண்வெட்டி கொண்டுவந்திருந்தேன். வந்த காரியத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. யூசுப் ஊர்ப் பள்ளிவாசலில் பிரசங்கம் செய்கிற கதீபைக் கூட்டிவந்தார். வெள்ளைத் தாடி, மெலிந்த மனிதர். அவரும் ஷாபிஈ மத்ஹப்தான், மார்க்கச் சட்டத்தில் எங்கள் வழியேதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அடக்கினவர்கள் திசையைத் தேடினார்களா, அல்லது கிடந்தபடி போட்டுவிட்டுப் போனார்களா?"

"தேடினார்கள். சூரியனைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள்."

"தெரியாத இடத்தில், தெரிந்த மட்டும் தேடியிருக்கிறார்கள். அடக்கின அன்றே நான் இங்கே நின்றிருந்தால் திருப்பி வை என்றுதான் சொல்லியிருப்பேன். நாலு வருடம் போய்விட்டது. இனி மண் அவரை எடுத்துக்கொண்டது. திறந்து எலும்பைக் குலைப்பது அவருக்குக் கண்ணியம் இல்லை. மண்வெட்டியைத் தாருங்கள்."

நான் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம், அவர் கையை நீட்டிக்கொண்டு, நான் பிடியை விடாமல். நான் இறைச்சி வெட்டுகிறவன். நாலு வருடத்தில் மண்ணுக்குள் என்ன மிஞ்சும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மேசையில் ஒருநாள் முழுக்க எலும்பை மூட்டு மூட்டாகப் பிரித்த கை இது. அதே கையால் தம்பியை எடுத்து அடுக்குவதா? மண்வெட்டியைக் கொடுத்தேன்.

பிறகு ஜவ்பரை எடுத்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஜவ்பர், இஞ்ச கிப்லா வடக்குடா. நீங்க மேக்க வெச்சிரிக்கீங்க."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தத்தோடு அவன் அழுகிற சத்தம். "அத ஒண்டத்தானே காக்கா சரியாச் செஞ்சம் எண்டு இருந்தன்..."

"கேளுடா. நீ மட்டும் சரியா வெச்சிருந்தா, இந்த ஊர்க் கபுறுகளோட கபுறா அவனும் கிடந்திருப்பான். நான் சாகுமட்டும் தேடினாலும் கண்டிரிக்க மாட்டன். கதீப் சொல்றார், தேடினவனுக்குக் குற்றம் இல்லையாம். அழாத. உண்ட கயிறு இன்னும் அவிழல்ல."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து யூசுபும் கதீபும் ஊரில் பத்துப் பேரும் மரத்தடிக்கு வந்தார்கள். எலும்புக் கூடாரத்து ஆட்களும் வந்து தள்ளி நின்றார்கள். ஜவ்பர் வைத்த கல்லை அசைக்காமல், பக்கத்தில் உம்மா தந்த பலகைகளை நட்டேன். வடக்கே தலைமாடு, தெற்கே கால்மாடு. அந்த ஊர்க்காரர் ஒருவர் பழக்கத்தில் பலகையை வாங்கிக் கிழக்கே நடப் போனார், கதீப் தடுத்தார். கபுறடியில் ஜனாஸாத் தொழுகைக்கு வடக்கே பார்த்து நின்றேன். வழமையாக மய்யித்து நமக்குக் குறுக்கே கிடக்கும். தம்பி எனக்கு முன்னால் நேராக, பாதை மாதிரிக் கிடந்தான்.

டொக்டர் ஸல்ஹாத்தா வரைபடத்தைக் கொண்டுவந்து, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை என் முன்னாலேயே கோடு போட்டு வெட்டினா. தம்பியின் பெயர், ஊர், போட் புறப்பட்ட துறைமுகம் எல்லாம் கேட்டு எழுதினா. சாய்ந்தமருது என்பதை மூன்று தரம் சொல்லவைத்தா.

"நான் தேடின பழைய ஆள் எனக்குக் கிடைக்கவில்லை" என்றா. "ஆனால் மரமும் பலகையும் போன பிறகு, வெகுகாலம் கழித்து யாராவது தோண்டினால், கிழக்கேயிருந்து கடல் வழியாக ஒருவர் வந்தார் என்று இவர் கிடக்கிற விதத்திலேயே கண்டுகொள்வார்கள்."

"அப்படித் தோண்ட வேண்டாம் என்றும் எழுதுங்கள்" என்றேன்.

சிரித்துக்கொண்டே எழுதினா. அதை யூசுப் எனக்கு வாசித்துக் காட்டினார்.

உம்மாவுக்கு அழைப்பு எடுத்தது அஸருக்குப் பிறகு, மரத்தடியில் இருந்தபடியே. கண்டுவிட்டேன், மீசான் நட்டுவிட்டேன் என்றதும் அவ வெகுநேரம் ஓதினா. ஓதி முடித்து, நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டா.

"கிப்லாவப் பாத்துத்தானே கிடக்கான், மகன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே கிப்லா வடக்கு என்றும், அவர்கள் ஊர்ப் பழக்கத்தில் மேற்கே வைத்துவிட்டார்கள் என்றும், கதீப் சொன்னதையும், நான் மண்வெட்டியைக் கொடுத்ததையும். உம்மா மெதுவாக, கணக்குச் சரி பார்ப்பது போலக் கேட்டா.

"தல வடக்கயா?"

"ஓம் உம்மா."

"முகம் மேக்கயா?"

"ஓம்."

"அப்ப நம்மட மையவாடியில, வாப்பாட பக்கத்தில கிடக்கிற மாதிரித்தானே கிடக்கான்" என்றா உம்மா. "அல்லாஹ் போதுமானவன். நீ கெதியா வா, உம்றாவுக்குப் போவம்."